கூட்டத்தோட ஓடாதவன் குர்லாவுல நின்ன கதை

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். மாட்டுங்கா மார்க்கெட்டுல பூ வாங்கிட்டு சான்பாடா போகணும்.

அவ்ளோதான். பூ வாங்கணும். போகணும்.

இதுல என்ன தப்பு நடக்கப் போகுதுன்னு நீங்க கேட்டா, என் பேஜுக்கு நீங்க புதுசுன்னு அர்த்தம்.

புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிடுறேன். நான் இசக்கிமுத்து. பம்பாய் தாராவியில பொறந்து வளந்து, இப்ப செம்பூர்ல வாடகைக்கு இருக்கேன். 'நேரம் நம்ம கையில'ன்னு ஒரு பேஜ் நடத்துறேன். சின்னதா சொந்தத் தொழில் ஆரம்பிச்சவங்க, வீடியோ போட்டு பேர் எடுக்கணும்னு நெனைக்கிறவங்க, இவங்கல்லாம் நேரத்தை வீணாக்காம எப்படி முன்னேறுறதுன்னு சொல்லிக் கொடுக்குறேன். காலைல எழுந்திரிக்கிறது எப்படி, போனை ஓரங்கட்டுறது எப்படி, வேண்டாத ஆளுகிட்ட முடியாதுன்னு சொல்றது எப்படி. இதையெல்லாம் நீ செய்யிறியான்னு இதுவரைக்கும் ஒருத்தர்கூட கேட்டதில்ல. நல்ல ஜனங்க!

என் பொண்டாட்டி செல்வி மட்டும் பேஜை ஃபாலோ பண்றதில்ல.

ஏன்னு கேட்டேன். "உங்களத்தான் வீட்லயே பாக்கேன்லா, போதும்"னு சொல்லிட்டா.

சரி, பூ கதைக்கு வருவோம்.

என் தம்பி மாரியப்பனுக்குப் பொண்ணு பாத்திருந்தோம். மாரி தாராவியில தோல் பை தைக்கிற பட்டறை வச்சிருக்கான். தங்கமான பய. பொண்ணு கவிதா வாஷி பாலம் தாண்டி சான்பாடாவுல இருக்கா. பொண்ணோட அப்பா பரமசிவம் மாமாவும் நம்ம திருநவேலிப் பக்கம்தான், ஆனா ஆபீஸ் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். கடிகாரத்தைப் பாத்துட்டுத்தான் தும்முவார்.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. நேரத்துக்கு வரணும்.

முன்னாடி ஒரு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க லேட்டா வந்தாங்களாம். எமகண்டம் ஆரம்பிச்சிருச்சு. காப்பிய மட்டும் கொடுத்து அனுப்பி வச்சுட்டாராம். சம்பந்தம் அத்தோட போச்சு.

எங்க குடும்பத்தையும் முதல்ல அவர் நம்பல. தாராவிக்காரங்க, பட்டறை வேலை, எப்ப வருவாங்க எப்ப போவாங்கன்னு ஒரு யோசனை. அப்புறம் யாரோ என் பேஜைக் காட்டியிருக்காங்க. மனுஷன் உக்காந்து என் வீடியோ பூரா பாத்திருக்கார். பாத்துட்டு எங்கம்மாவுக்குப் போன் போட்டு, "மூத்த பையன் இப்படி நேரம் பாக்குற ஆளுன்னா, குடும்பமும் அப்படித்தான இருக்கும்"னு சொல்லிச் சம்மதிச்சார்.

ஆக, இந்தக் கல்யாணமே என் பேர்லதான் நிக்குது. அன்னைக்கு நான் விட்ட உதார் கொஞ்சநஞ்சமில்ல!

ஞாயித்துக்கிழமை பூ வைக்கிற சடங்கு. எங்க பக்கம் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க பூ கொண்டுபோயி பொண்ணு தலையில வைக்கணும். வச்சாச்சுன்னா சம்பந்தம் உறுதி. அந்தப் பூ நம்ம வீட்டுல இருந்து போற பூவாத்தான் இருக்கணும், பொண்ணு வீட்டுப் பூவை வைக்கக் கூடாது. பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்கு முன்னாடி வச்சாகணும்.

எங்கம்மா போட்ட திட்டம் ரொம்ப எளிசு. தாராவியில வேன் கிளம்பும். பக்கத்துல இருக்க மாட்டுங்காவுல நின்னு, சொல்லி வச்ச பூவை ஏத்தும். அப்புறம் செம்பூர்ல என்னையும் செல்வியையும் ஏத்திக்கிட்டு நேரா சான்பாடா.

இதுல குறை கண்டுபிடிக்க ஒரு அறிவாளி தேவை. நான் இருந்தேன்.

"அம்மா, வேன் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குள்ள நொழஞ்சா வெளிய வராது. ஒரே நேரத்துல ரெண்டு வேலை நடக்கணும். நீங்க வேன்ல நேரா போங்க. நான் ரயில்ல போயி பூ வாங்கிட்டு ரயில்லயே வந்துருதேன். உங்களுக்கு முன்னாடி நான் அங்க நிப்பேன்."

"எய்யா, வேணாம்யா. எல்லாரும் ஒண்ணாப் போவோம்."

"அம்மா, இதுதான் என் தொழிலே!"

"என்னமோ செய்யி"ன்னு அம்மா எழுந்துட்டாங்க. பக்கத்துல செல்வி முருங்கக்காய் நறுக்கிட்டு இருந்தா. தலைய நிமித்தாமலே கேட்டா: "ஞாயித்துக்கிழமை ரயிலயா நம்புதிய?"

"ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் இருக்காது"ன்னேன்.

அவ முருங்கக்காயப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா.

மாரி சனிக்கிழமை போன் பண்ணினான். "அண்ணே, தட்டு மாத்தும்போது நீ நிக்கணும்ணே. அப்பா இல்ல. நீதான் மாத்தணும்."

"நான் இல்லாம நடக்குமால? நிப்பேன்."

காலைல குளிச்சு, க்ரீம் கலர்ல புது பேண்ட் போட்டு, ஜம்முன்னு கிளம்பினேன். மாட்டுங்காவுல இறங்கினேன். பூக்கடையில எங்கம்மா சொல்லி வச்ச மல்லி, பிச்சி, ஒரு ரோஜா மாலை, எல்லாம் ஈரத் துணியில சுத்தி ஒரு பெரிய பையில தயாரா இருந்துச்சு. பூக்காரக்கா கையில கொடுத்தாங்க. வாங்கிட்டு அப்படியே நடந்திருந்தா இந்தக் கதை இங்கயே முடிஞ்சிருக்கும். நீங்களும் வேற வேலையப் பாத்திருப்பீங்க.

ஆனா நான் என்ன சொல்லிக் கொடுக்கிறேன்? 'ஒரு பயணம், ரெண்டு பலன்.' மார்க்கெட்டுக்கு வந்தாச்சு, ஒரு வீடியோவும் எடுத்துருவோம்!

பூக்கடைக்கு முன்னாடி நின்னு போனைத் தூக்கினேன்.

"நண்பர்களே! பூவுக்கும் நேரத்துக்கும் என்ன ஒத்துமை? ரெண்டும் வாடிரும்!"

எப்படி இருக்கு? எனக்கே புல்லரிச்சுருச்சு.

அந்த நேரம் பாத்து பின்னாடி வாழையிலை வண்டிக்காரன், "பாஜூ! பாஜூ ஹட்!"னு ஒதுங்கச் சொல்லிக் கத்திக்கிட்டே வந்தான். மறுபடி எடுத்தேன். ஒரு மாமி காய்கறிப் பையோட குறுக்க வந்து நின்னாங்க.

"ஏம்ப்பா, நடு வழில நின்னுண்டு யாரோட பேசிண்டிருக்கே?"

"வீடியோ எடுக்கிறேன் மாமி. நேரத்தை எப்படி மிச்சம் பண்றதுன்னு."

"அதுக்கு எங்க நேரத்த ஏன் எடுத்துக்கறே? நகந்துக்கோ."

மூணாவது தடவை எடுக்கும்போது எங்கம்மா போன். நாலாவது தடவையும் எங்கம்மா போன். தொந்தரவை ஒழிக்கிறதுக்கு நான் கண்டுபிடிச்ச மருந்து ஒண்ணு இருக்கு. ஏரோப்ளேன் மோடு! போட்டேன். அப்புறம் வீடியோ அருமையா வந்துச்சு. பூக்காரக்கா கடைசியில, "தம்பி, பூ வாங்க வர்றவங்கள்லாம் ஒதுங்கிப் போறாங்க. சான்பாடா சடங்கு இன்னைக்குத்தான?"ன்னு கேட்டாங்க. கிளம்பினேன்.

குர்லா வந்து இறங்கினேன். சான்பாடா போகணும்னா அங்க ஹார்பர் லைனுக்கு மாறணும். காதுல பெரிய ஹெட்ஃபோன். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது. அதுல மழை பெய்யிற சத்தம் ஓடிட்டு இருந்துச்சு. மனசு ஒருமுகப்படும்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். குர்லா ஸ்டேஷன்ல மழைச் சத்தம் கேட்டுக்கிட்டு நடந்த ஒரே ஆளு அன்னைக்கு நானாத்தான் இருப்பேன்.

ஹார்பர் பிளாட்ஃபாரத்துல சான்பாடா வழியாப் போற ஒரு பன்வெல் வண்டி நின்னுச்சு. அடேயப்பா! என்ன கூட்டம்! ஞாயித்துக்கிழமையில அப்படி ஒரு கூட்டத்த நான் பாத்ததே இல்ல. படிக்கட்டுல இருந்து ஜனம் ஓடி வருது, இடிக்குது, தொங்குது. ஒரு ஆளு புள்ளையத் தலைக்கு மேல தூக்கி உள்ள கொடுக்கிறான்.

எனக்கு ஒரு நிமிஷம் ஏறலாமான்னு தோணுச்சு. பையைப் பாத்தேன். இந்த நெரிசல்ல ஏறினா பூ கூழாயிரும்.

அதவிட முக்கியமா, என் பேஜுலயே ரொம்பப் பேர் பாத்த வீடியோ எது தெரியுமா? 'கூட்டத்தோட ஓடாதே!'

அதையும் பரமசிவம் மாமா பாத்திருக்கார்.

நான் ஓரமா நின்னேன். இப்படி முட்டி மோதுறாங்களே, அடுத்த வண்டியில காலாட்டிக்கிட்டுப் போகலாமேன்னு அவங்கமேல பரிதாபம்கூடப் பட்டேன். வாசல்ல தொங்கிக்கிட்டிருந்த ஒருத்தர் என்னைப் பாத்து கையை வீசி வீசி ஏதோ சொன்னார். என் காதுல மழை. என்ன அன்பான மனுஷன்னு நெனச்சுக்கிட்டு நானும் கையாட்டினேன்.

வண்டி போச்சு. அவர் தலையில அடிச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. ஈ தொந்தரவுன்னு நெனச்சேன்.

அதுக்கப்புறம் பிளாட்ஃபாரம் எப்படி ஆயிருச்சு தெரியுமா? காலி! இருந்த நாலு பேரும் எழுந்து போனாங்க. உக்கார பெஞ்ச் கிடைச்சுது. முழு பெஞ்ச்! குர்லாவுல! பம்பாயில இருக்கவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

என் ஒழுக்கத்துக்கு உலகம் பரிசு கொடுக்குதுன்னு முழுசா நம்பினேன். 'பொறுமையே பெரிய ஆயுதம்'னு அடுத்த வீடியோவுக்கு ரெண்டு பக்கம் எழுதினேன். எழுதி முடிச்சு தலைய நிமித்திப் பாத்தா இன்னும் வண்டி வரல. பரவால்ல, பொறுமைக்குப் பரீட்சை. எழுந்து நின்னு போனைத் தூக்கினேன்.

"பாருங்க நண்பர்களே! இது குர்லா ஸ்டேஷன். ஒரு ஈ காக்கா இல்ல. கூட்டத்தோட ஓடாதவனுக்கு உலகம் தனியா இடம் கொடுக்கும்!"

ஒரு போலீஸ்காரம்மா லத்தியத் தட்டிக்கிட்டே வந்தாங்க. நான் உள்ளங்கையக் காட்டி, கொஞ்சம் இருங்கன்னு சைகை பண்ணினேன். குறுக்க வர்றவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லப் பழகணும்லா!

லத்தி என் ஹெட்ஃபோன்ல லேசா தட்டுச்சு. கழட்டினேன்.

"க்யா கர் ரஹா ஹை?" என்ன பண்றன்னு கேட்டாங்க.

"மேடம், ட்ரெயினுக்கு வெயிட் கர் ரஹா ஹூன். சான்பாடா."

அவங்க என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க. "கௌன்சா ட்ரெயின்? மெகா பிளாக் ஹை. ஷாம் தக் பந்த்." சாயந்தரம் வரைக்கும் வண்டி கிடையாதாம்.

மெகா பிளாக்!

வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன். பம்பாயில ஞாயித்துக்கிழமையானா தண்டவாளம் ரிப்பேர் பண்றதுக்கு ஏதாவது ஒரு லைன்ல பகல் பூரா வண்டிய நிறுத்திருவாங்க. முன்னாடியே சொல்லிருவாங்க. பேப்பர்ல வரும், போன்ல வரும், ஸ்டேஷன்ல தொண்டை வத்த அறிவிப்பாங்க. இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை வெளிய கிளம்புறவன் செருப்பு மாட்டுறதுக்கு முன்னாடி கேக்குற கேள்வியே, "இன்னைக்கு எந்த லைன்ல பிளாக்?"

நான் இங்கயே பொறந்தவன்.

அப்ப அந்த நெரிசல் வண்டி? அதுதான் கடைசி வண்டி. அந்த ஆளு கையை வீசினது, "ஏறுடா மடையா"ன்னு கூப்பிடுறதுக்கு. நான் டாட்டா காட்டி வழியனுப்பி வச்சிருக்கேன்.

காதுல மழை நின்னதும் அறிவிப்பு தெளிவாக் கேட்டுச்சு. இந்தியில ஒரு தடவ, மராத்தியில ஒரு தடவ, இங்கிலீஷ்ல ஒரு தடவ. மூணு பாஷையிலயும் நான் முட்டாள்னு உறுதியாச்சு.

ஏரோப்ளேன் மோடை எடுத்தேன். போன் அதிர ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல. அம்மா, மாரி, அம்மா, சித்தப்பா, அம்மா. குடும்ப வாட்சப் குரூப்பைத் திறந்தேன். அதை மியூட்ல போட்டு ரொம்ப நாளாச்சு. 'குரூப்பை மியூட் பண்ணினா மனசு அமைதியாகும்'னு ஒரு வீடியோவே போட்டிருக்கேன். முந்தின நாள் எங்கிட்ட பேசி முடிச்சதுக்கப்புறம் மாரி அதுல எழுதியிருக்கான்: "அண்ணே நாளைக்கு ஹார்பர்ல மெகா பிளாக். வேன்லயே வந்துரு." அதுக்கு எங்க சித்தப்பா பையன் ஒரு கைகூப்புற பொம்மை போட்டிருக்கான். எல்லாரும் பாத்திருக்காங்க. மனசு அமைதியா இருந்தவன் நான் ஒருத்தன்தான்.

செல்விகிட்ட இருந்து மட்டும் ஒரே ஒரு மெசேஜ். "எங்க இருக்கிய?" அதோட சரி. அதுக்கு மேல ஒண்ணுமில்ல.

மணியப் பாத்தேன். எமகண்டத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்துச்சு.

விளையாட்டா சொல்லிட்டு வர்றேனே தவிர, அந்த நேரத்துல நிஜமாவே பயந்துட்டேன். மாரி அந்தப் பொண்ண மனசுல வச்சுட்டான். பூ வைக்கிறதுக்குன்னு சட்டை வாங்கி, நிறம் சரியில்லன்னு மாத்தி, மறுபடி மாத்தினவன் அவன். அங்க அவன் தலைகுனிஞ்சு உக்காந்திருப்பான். பரமசிவம் மாமா கடிகாரத்தைப் பாப்பார். காப்பி வரும். காப்பிய மட்டும் குடிச்சுட்டு எங்க சனம் வேன்ல ஏறும். எல்லாம் என்னால!

ஓடினேன்.

குர்லா ஸ்டேஷனுக்கு வெளிய என்னைய மாதிரியே ரயில விட்டவங்க மொத்தமா நின்னாங்க. ஒரு டாக்ஸி வந்தா பத்துப் பேர் அதுமேல விழுறாங்க. நானும் விழுந்தேன். இடிச்சேன், முட்டினேன், பூப்பையத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, "பாயி, சான்பாடா! அர்ஜென்ட் ஹை! ஷாதி ஹை!"னு கத்தினேன். கூட்டத்தோட ஓடாதேன்னு ஊருக்குச் சொன்னவன், அந்தக் கூட்டத்துலயே முன்னாடி ஓடினேன்.

"கிஸ்கா ஷாதி?" யாருக்குக் கல்யாணம்னு டிரைவர் கேட்டார்.

"பாயி கா!" தம்பிக்குன்னு கத்தினேன்.

கல்யாணம்னு சொன்னதும் ஜனம் வழி விட்டுச்சு. வாஷிக்குப் போற ரெண்டு பேரும், குழந்தையோட ஒரு அம்மாவும், நானும் ஏறினோம். என்னைய நடுவுல திணிச்சாங்க. பூப்பை மடியில.

ஈரத்துணி சுத்தியிருந்துச்சுன்னு சொன்னேன்ல? அந்தத் தண்ணி செம்பூர் தாண்டும்போது சொட்ட ஆரம்பிச்சது. புது பேண்ட். க்ரீம் கலர். எங்க நனையக்கூடாதோ சரியா அங்க நனைஞ்சது. பக்கத்துல இருந்த ஆளு குனிஞ்சு பாத்தார். அப்புறம் என் முகத்தைப் பாத்தார்.

"பூல் கா பானி ஹை"ன்னேன், பூவோட தண்ணின்னு.

"ஹாங் ஹாங்"னு சொல்லிட்டு முடிஞ்ச வரைக்கும் தள்ளி உக்காந்தார்.

வாஷி பாலத்துல வண்டிங்க வரிசையா நின்னுருச்சு. பக்கத்துலயே ரயில் பாலம். அதுல ஆட்கள் தண்டவாளத்துல குனிஞ்சு நிதானமா வேலை பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க வேலை அவங்க சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சு, சொன்ன நேரத்துக்கு முடியும். எனக்குக் கடுப்பா இருந்துச்சு.

அம்மாவுக்குப் போன் பண்ணினேன்.

"அம்மா, வாஷி பாலத்துல நிக்கேன்மா. வந்துட்டே இருக்கேன்."

"சரிய்யா. பாத்து வா."

அவ்ளோதான்! வச்சுட்டாங்க!

எங்கம்மா திட்டாத நாளே கிடையாது. பால் பொங்கினாலும் எனக்குத்தான் திட்டு. அப்பேர்ப்பட்டவங்க "பாத்து வா"ன்னு சொன்னா, நிலைமை கைமீறிப் போயிருச்சுன்னுதான அர்த்தம்? பாலம் தாண்டுறதுக்குள்ள எமகண்டம் பொறந்துருச்சு. அதுக்கப்புறம் டாக்ஸி வேகமாப் போச்சு. இனிமே என்ன வேகம் வேண்டிக்கிடக்கு!

சான்பாடாவுல இறங்கி, பூப்பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். கட்டிப் பிடிக்கலன்னா பேண்ட் தெரியும்.

பரமசிவம் மாமா வீட்டுக் கதவு திறந்திருந்துச்சு. அழுகைச் சத்தம் கேக்கும்னு நெனச்சேன்.

பாயாச வாசனை வந்துச்சு.

எட்டிப் பாத்தேன். எங்க சனம் பூரா வரிசையா உக்காந்து இலையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கு! சித்தப்பா அப்பளத்த நொறுக்குறார். எங்கம்மா வாயெல்லாம் பல்லா சிரிக்கிறாங்க. உள் ரூம் வாசல்ல கவிதா நிக்குது. தலை நிறைய மல்லிப்பூ!

எனக்கு ஒண்ணும் புரியல. பூ என் கையில இருக்கு. அப்ப அது எந்தப் பூ?

பரமசிவம் மாமா என்னைப் பாத்துட்டார். எழுந்து கையக்கூடத் துடைக்காம வந்தார். போச்சு, என்னைய வாசல்லயே வச்சு வாங்கப் போறார்னு நின்னேன்.

"வாங்க தம்பி, வாங்க! உங்க வீட்டம்மா எல்லாம் சொன்னாங்க. சடங்குக்குப் பூ செம்பூர்ல, சாயந்தரம் பொண்ணு மாப்பிள்ளைய கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்குப் பூ மாட்டுங்காவுல. ஒரேயடியா வாங்கினா வாடிரும்னு ரெண்டாப் பிரிச்சிருக்கீங்களே! ப்ளானிங்னா இதுதான் ப்ளானிங்!"

நான் செல்வியத் தேடினேன். அவ பந்தியில கவனமா சாம்பார் ஊத்திக்கிட்டு இருந்தா.

"ஆமா மாமா"ன்னேன். "வாடிரும்லா."

"ஆபீஸ்ல இருந்த காலம் பூரா இப்படி யோசிக்கிற ஒரு ஆளு எனக்குக் கிடைக்கல தம்பி."

பையை வாங்குறதுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். அவர் கண்ணு கீழ போச்சு.

"பூத்தண்ணி மாமா."

"வேலையில இறங்குறவனுக்குத்தான தம்பி துணி நனையும்"னார். அந்த மனுஷன் முடிவு பண்ணிட்டார், இனி நான் சாக்கடையில விழுந்து வந்தாலும் அதுல ஒரு திட்டம் இருக்கும்னு.

மாரி கை கழுவப் போற மாதிரி வந்து என் பக்கத்துல நின்னான். புதுச் சட்டை. நிறம் நல்லாத்தான் இருந்துச்சு.

"எங்கண்ணே போன? தட்டு மாத்தும்போது உன்னத்தான் தேடினேன்."

எந்த வீடியோவுலயும் இதுக்குப் பதில் நான் சொல்லி வைக்கல. "மாத்தினது யாருல?"ன்னு மட்டும் கேட்டேன்.

"அம்மாவும் செல்வி மைனியும் சேந்து மாத்தினாவ. நல்லாத்தான் நடந்துச்சு. நீ இல்லாததுதான் குறை. வா, சாப்பிடு."

அவன் அவ்ளோதான் சொன்னான். திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு.

பந்தி முடிஞ்சு, செல்வி தட்டு கழுவுற இடத்துல தனியா மாட்டினா. பக்கத்துல ஒரு சில்வர் டிபன் டப்பா. உள்ள ஈரத்துணி. ரெண்டு மல்லி மொட்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"இதுலயா கொண்டு வந்த?"

"செம்பூர் ஸ்டேஷன் வாசல்ல காலைலயே வாங்கிட்டேன். வேன் வர்றதுக்கு முன்னாடியே."

"காலைலயேவா? நான் அப்ப கிளம்பியே இருக்க மாட்டேனே!"

"நீங்க குளிச்சுக்கிட்டு இருந்திய."

"அப்போ நான் வரமாட்டேன்னே முடிவு பண்ணிட்டியா? பிளாக்குன்னு தெரியும்லா, சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேன். ஞாயித்துக்கிழமை ரயிலயா நம்புதியன்னு கேட்டேன். குரூப்ல மாரி சொன்னாவ. காலைல அத்த போன் மேல போன் போட்டாவ. வேற யாரு சொல்லணும்? போலீஸா வந்து சொல்லணும்?"

போலீஸ்தான் வந்து சொல்லுச்சுங்கிறத நான் சொல்லல.

"இல்ல செல்வி, பூ வாங்கணும்னு எப்படித் தோணுச்சு உனக்கு?"

அவ டப்பாவைக் கழுவிக் கவுத்தினா. "நீங்கதான சொன்னிய. 'எந்த வேலைலயும் எது சொதப்பும்னு முன்கூட்டியே பாருங்க. அதை நம்பாம, மாத்து ஒண்ணு கையில வச்சுக்கோங்க.'"

"நான் எப்ப சொன்னேன்?"

"ஒரு வீடியோல. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ ஆட்டி ஆட்டிப் பேசினியளே, அதுல."

எனக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துருச்சு. "ஏட்டி, நீ என் வீடியோல்லாம் பாக்கியா?"

"எல்லாம் பாப்பேன். நல்லாத்தான் சொல்லுதிய. சொன்னபடி செஞ்சேன், வேலை சுளுவா முடிஞ்சுருச்சு."

"அப்ப அந்தச் சொதப்புற விஷயம்..."

அவ டப்பாவத் துடைச்சுப் பையில வச்சா. என் பேண்ட்டப் பாத்தா. போயிட்டா.

ஆக நண்பர்களே, இன்னைக்குப் பாடம் இதுதான். நான் சொல்றத அப்படியே செய்யுங்க, வேலை கண்டிப்பா நடக்கும். என்கூட மட்டும் வந்துராதீங்க, நான் குர்லாவுல நின்னுக்கிட்டு இருப்பேன்.